கனடா ஸ்பொன்சருக்குச் சட்டத்தரணி வேண்டுமா? திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சட்டத்தரணி அல்ல. ஆங்கில ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, இப்போது சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கிறேன். திருகோணமலையில் பத்திரகாளி அம்மன் கோவில் மணி கேட்கும் தூரத்தில் வீடு. முன்விறாந்தையில் ஒரு மேசை, ஒரு ஸ்கேனர், ஒரு முத்திரை. பிறப்பு, விவாகப் பத்திரங்களைக் கொண்டுவருகிறவர்களில் பலருக்குக் கணவனோ மனைவியோ கனடாவில் இருந்து, இவர்களை ஸ்பொன்சர் செய்து, அதாவது பொறுப்பேற்று, அங்கே கூப்பிடுகிறார்கள். பத்திரத்தை நீட்டிய கையோடு கேட்பார்கள்: "ரீச்சர், இதற்கு லோயர் பிடிக்க வேண்டுமா?"

ஒவ்வொருவருக்கும் சொல்லிச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பெரும்பகுதி கனடாவைப் பற்றியது. லண்டன், அவுஸ்திரேலியாக்காரருக்குக் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது.

ஒரே வரியில் சொல்லுங்கள்: சட்டத்தரணி கட்டாயமா?

இல்லை. பிரதிநிதி வைத்துக்கொள்ளத் தேவையில்லை, வைத்துக்கொண்டால் கோப்புக்குத் தனிக் கவனிப்பும் கிடைக்காது என்று கனடாக் குடிவரவுத் திணைக்களமே தன் இணையத்தளத்தில் சொல்கிறது. படிவங்களும் வழிகாட்டியும் சரிபார்ப்புப் பட்டியலும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கின்றன.

இருவருக்கும் இது முதல் கலியாணம், முன்பு எந்த நாட்டு விசாவும் மறுக்கப்படவில்லை, பொலிஸ் வழக்கு இல்லை, எந்த விண்ணப்பத்திலும் எதையும் மறைத்ததில்லை என்றால் நீங்களே செய்யுங்கள். இவற்றில் ஒன்றுக்காவது "ஆனால்..." என்று உங்கள் வாய் இழுத்தால், அந்த "ஆனால்" எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்துத்தான் சட்டத்தரணி.

கோப்பில் அப்படி என்னதான் வேலை இருக்கிறது?

கனடாவில் இருப்பவர் நிரப்புவது ஐ.எம்.எம். 1344 என்ற இலக்கப் படிவம், அதாவது ஸ்பொன்சர் செய்வதற்கான விண்ணப்பமும் பொறுப்பேற்பும். இங்கிருப்பவருக்கு 0008, 5669, 5406 ஆகிய மூன்று படிவங்கள். இருவருக்கும் பொதுவானது 5532. எப்படிச் சந்தித்தீர்கள், யார் பேசி வைத்தார்கள், கலியாணத்துக்கு யார் வந்தார்கள் என்று கேட்பது அந்தப் படிவந்தான். இவற்றோடு பொலிஸ் சான்றிதழ், மருத்துவப் பரிசோதனை, கொழும்பு விசா விண்ணப்ப நிலையத்தில் கைரேகையும் படமும். கட்டாரிலோ சவூதியிலோ வேலை செய்துவிட்டு வந்தவர்கள் அந்த நாட்டுப் பொலிஸ் சான்றிதழையும் எடுக்க நேரும். மாதக்கணக்கில் இழுப்பது பெரும்பாலும் அதுதான், ஆகவே முதலில் அதைத் தொடங்குங்கள்.

அரசாங்கக் கட்டணம் 2024 ஏப்ரல் 30 அன்று உயர்த்தப்பட்ட கணக்கின்படி: ஸ்பொன்சருக்கு 85, விண்ணப்பப் பரிசீலனைக்கு 545, நிரந்தர வதிவிட உரிமைக்கு 575, கைரேகைக்கு 85. கூட்டினால் அப்போது 1,290 கனடிய டொலர். இந்தத் தொகையை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கூட்டும் வழக்கம் இருப்பதால், கட்டும் நாளில் இணையத்தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். சட்டத்தரணியின் கட்டணம் இதற்கு வெளியே.

படிவங்களில் எது கடினம் என்றால், நான் 5669 என்பேன். கடந்த 10 ஆண்டில் என்ன செய்தீர்கள் என்பதை மாதம் விடாமல் எழுதச் சொல்கிறது. உயர்தரப் பரீட்சை எழுதிய பின் பதினான்கு மாதம் வீட்டில் இருந்த பிள்ளை அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வருவாள். "சும்மாதானே இருந்தேன் ரீச்சர், அதை என்னவென்று எழுதுவது?" சும்மா இருந்ததையும் எழுத வேண்டும். வேலை இல்லை, பெற்றோருடன் இன்ன முகவரியில் இருந்தேன், அவ்வளவுதான். இந்த ஓட்டையை அடைக்கச் சட்டத்தரணி தேவையில்லை. நாட்காட்டியும் அம்மாவின் ஞாபகமும் போதும்.

எங்கள் எழுத்து, அதாவது விவாகப் பதிவு, ஆவணியில் நடந்தது, தாலி கட்டியது தை மாதத்தில். படிவத்தில் எந்தத் திகதியைப் போடுவது?

என் மேசைக்கு வரும் கோப்புகளில் நான் அதிகம் காணும் சிக்கல் இது. சட்டத்தின் கண்ணில் கலியாண நாள் என்பது விவாகச் சான்றிதழில் உள்ள நாள், அதாவது எழுத்து நாள். கலியாணத் திகதி என்று ஒற்றைப் பெட்டி எங்கே இருந்தாலும் அதையே போடுங்கள். 5532இல் சடங்குகளைப் பற்றிக் கேட்கும் இடத்தில் தாலி கட்டிய நாளையும் கோவிலின் பெயரையும் எழுதி, எங்கள் வழக்கத்தில் இவை இரண்டும் வேறு வேறு நாளில் நடப்பதுண்டு என்று இரண்டு வரியில் விளக்குங்கள்.

என் கண்முன்னே நடந்த ஒன்று. மாப்பிள்ளை ரொறன்ரோவில் தன் படிவத்தில் தை மாதத்தைப் போட்டார். அவருக்குக் கலியாணம் என்றால் மணவறையும் மேளமும். பெண் இங்கே சான்றிதழைப் பார்த்து ஆவணியை எழுதினாள். நடுவில் சம்பளத்துக்குச் சட்டத்தரணி இருந்தார். அவருடைய அலுவலகம் இரண்டையும் வந்தபடியே பதிந்து அனுப்பியது. சில மாதம் கழித்து, கலியாணத் திகதி ஏன் முரண்படுகிறது என்று விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. விளக்கம் எழுதி ஏற்றுக்கொள்ளப்பட்டது. ஆனாலும் அந்தச் சில வாரங்கள் இரண்டு குடும்பமும் சரியாகத் தூங்கவில்லை. சட்டத்தரணி வைத்தால் பிழை வராது என்று நினைக்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்கிறேன். உங்கள் கலியாணத்துக்கு வந்தவர் அவர் அல்ல. நீங்கள் கொடுப்பதைத்தான் அவர் அனுப்புவார்.

இதனுடன் ஒட்டிய இன்னொன்று: எழுத்து முடிந்த பின்னும் தாலி கட்டும்வரை பெண் தாய்வீட்டில் இருப்பது நமக்குச் சாதாரணம். வெளிநாட்டு அதிகாரிக்கு அது புதினம். கலியாணம் முடித்தவர்கள் ஏன் ஒரு வீட்டில் இருக்கவில்லை என்று அவர் யோசிப்பது நியாயந்தான். கேட்குமுன் எழுதிவிடுங்கள்.

பெயர் ஒவ்வொரு பத்திரத்திலும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. இதற்குச் சட்டத்தரணி வேண்டுமா?

கனடாச் சட்டத்தரணி வேண்டாம். பிறப்புப் பத்திரத்தில் உங்கள் பெயர் மட்டும், கடவுச்சீட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராக, பள்ளிக்கூடச் சான்றிதழில் முதலெழுத்து மட்டும் என்பது நம் எல்லோருக்கும் உள்ளதுதான். கடவுச்சீட்டில் உள்ளபடியே படிவத்தை நிரப்பி, வேறு பெயர்கள் என்று கேட்கும் இடத்தில் மற்ற வடிவங்களை எல்லாம் எழுதுங்கள். ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஒரு எச் கூடுவதும் குறைவதும் ஒரு சத்தியக்கடதாசியோடு தீரும். உள்ளூர்ச் சட்டத்தரணியிடமோ சமாதான நீதவானிடமோ அதை முடிக்கலாம்.

பிறந்த திகதியே மாறியிருந்தால் கதை வேறு. அதைச் சத்தியக்கடதாசியால் ஒட்டவைக்கப் பார்க்காதீர்கள். பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரைக் கண்டு, பதிவைத் திருத்த வழியிருக்கிறதா என்று முதலில் கேளுங்கள்.

அப்படியென்றால் எப்போதுதான் சட்டத்தரணி வைக்க வேண்டும்?

சட்டம் குறுக்கே நிற்கும் இடத்தில். தாள் குறைந்தால் தாளைத் தேடலாம். சட்டம் குறுக்கே நின்றால் தாள் எத்தனை வைத்தாலும் நகராது.

முதலாவது, முன்பு சொன்னதற்கும் இப்போது சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கும் நிலை. கனடா போனவர் அன்றைக்குத் தன்னை மணமாகாதவர் என்று எழுதியிருக்கலாம். பிறகு ஊரில் ஒரு மனைவியோ பிள்ளையோ இருப்பது தெரியவரும். நிரந்தர வதிவிட உரிமை கிடைத்த நேரத்தில் தெரிவிக்காமல் விட்ட குடும்பத்தவரைப் பின்னர் ஸ்பொன்சர் செய்ய முடியாது என்று விதி இருக்கிறது. 2019 செப்டெம்பரில் அதற்கு ஒரு தற்காலிகத் தளர்வு கொண்டுவரப்பட்டது. அது எல்லோருக்கும் பொருந்துவதில்லை. பொருந்துமா என்று பார்ப்பது சட்டத்தரணியின் வேலை, பக்கத்து வீட்டுக்காரரின் வேலையல்ல. பொய்த் தகவல் தந்ததாக முடிவானால் 5 ஆண்டுத் தடை விழும்.

இரண்டாவது, எங்கள் மாகாணத்தில் யாரும் சத்தமாகச் சொல்லாத விடயம். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் உள்ளே இருந்தவர்கள், புனர்வாழ்வு முகாமுக்குப் போய் வந்தவர்கள், பள்ளிக்கூட வயதில் வீட்டிலிருந்து பிடித்துக்கொண்டு போகப்பட்டவர்கள். கனடா 2006இல் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத அமைப்பாகப் பட்டியலிட்டது. ஓர் அமைப்பில் உறுப்பினராக இருந்ததே ஒருவரை உள்ளே விடாமல் தடுக்கப் போதுமான காரணமாகலாம். அந்தக் காரணத்தால் மறுத்தால் ஸ்பொன்சருக்குச் சாதாரண மேன்முறையீடும் இல்லை. படிவத்தில் இதைப் பற்றி நேரடியான கேள்வி இருக்கிறது. "இல்லை" என்று போட்டுவிட்டுக் கடவுளே என்று இருக்காதீர்கள். ஒரு சொல் எழுதுமுன் நல்ல சட்டத்தரணியிடம் போங்கள். வீட்டை ஈடுவைத்தாவது செய்ய வேண்டிய செலவு ஒன்று இருந்தால், இது அது.

மூன்றாவது, ஸ்பொன்சர் பக்கத்துச் சிக்கல்கள். அவரே முன்பு ஒரு மனைவியால் ஸ்பொன்சர் செய்யப்பட்டுப் போனவராக இருந்தால், நிரந்தர வதிவிட உரிமை கிடைத்து 5 ஆண்டு முடியும்வரை புதிய மனைவியைக் கூப்பிட முடியாது. அரச உதவிப் பணத்தில் வாழ்பவரும் முடியாது, உடற்குறைபாட்டுக்கான உதவி என்றால் விதிவிலக்கு. மாப்பிள்ளைக்கு வருமானம் குறைவு என்று சிலர் பயப்படுகிறார்கள். கணவன் மனைவி விடயத்தில் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான எல்லை இல்லை.

முதல் கணவர் போரில் காணாமற்போனவர். மறுமணம் செய்து கனடா போகலாமா?

இந்தக் கேள்வியை யாரும் விறாந்தையில் நின்று கேட்பதில்லை. உள்ளே வந்து, தண்ணீர் குடித்து, போகும்போது கேட்பார்கள்.

2016ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். ஆனால் அது அவர் இறந்துவிட்டார் என்று சொல்லும் பத்திரம் அல்ல. அதை மட்டும் வைத்து மறுமணம் செய்தால் முதல் கலியாணம் முடிந்ததா என்ற கேள்வி அப்படியே நிற்கும். மரணச் சான்றிதழோ நீதிமன்றத் தீர்ப்போ தேவைப்படும். எதை எடுப்பது என்பது சட்டக் கேள்வி மட்டுமல்ல. மரணச் சான்றிதழுக்குக் கையெழுத்து வைக்க மனம் வராத பெண்களை எனக்குத் தெரியும். நல்ல சட்டத்தரணி அதற்கும் இடம் கொடுப்பார். இங்கே உங்களுக்கு இரண்டு பேர் தேவை: முதல் கலியாணத்தைச் சட்டப்படி முடித்துவைக்கத் திருகோணமலைச் சட்டத்தரணி, பிறகு கோப்பைப் பார்க்கக் கனடாச் சட்டத்தரணி. வரிசை மாறக்கூடாது.

விவாகரத்தானவர்களுக்கும் ஒன்று. மாவட்ட நீதிமன்றம் முதலில் தருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்தே அது முடிவான தீர்ப்பாகும். அதற்கு முன் செய்த கலியாணம் செல்லாது. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களுக்கு இது காதி நீதிமன்றத்தில் நடக்கும். அங்கே பெற்ற பத்திரத்தை முழுமையாக மொழிபெயர்த்து வையுங்கள்.

ஊரிலுள்ள சட்டத்தரணியோ கொழும்பு முகவரோ கோப்பைச் செய்து தரலாமா?

பணம் வாங்கிக்கொண்டு என்றால், முடியாது. கனடாவின் குடிவரவுச் சட்டம் 91ஆம் பிரிவு இதைத் தெளிவாக வைத்திருக்கிறது: கனடிய மாகாணம் ஒன்றின் சட்டச் சங்கத்தில் உள்ள சட்டத்தரணி அல்லது துணைச் சட்டவாளர், கியூபெக் நொத்தாரிசு, குடிவரவு ஆலோசகர் கல்லூரியின் உரிமம் பெற்றவர். இவர்களைத் தவிர வேறு யாரும் கட்டணத்துக்குப் பிரதிநிதியாக இருக்க முடியாது. அந்தக் கல்லூரி படிக்கும் இடமல்ல, ஆலோசகர்களுக்கு உரிமம் தரும் அமைப்பு; 2021 நவம்பரில் பழைய ஒழுங்குமுறைச் சபையின் இடத்துக்கு வந்தது. பழைய சபையின் சின்னத்தைச் சுவரில் மாட்டிவைத்திருப்பவர் இன்றைய பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள்.

சம்பளம் வாங்காத மச்சான் உதவி செய்யலாம், அதில் பிழையில்லை. சம்பளம் வாங்கிக்கொண்டு, "என் பெயரை எங்கும் போட வேண்டாம், நீங்களே நிரப்பியதாக இருக்கட்டும்" என்று சொல்பவர்தான் ஆபத்து. பிரதிநிதியின் விபரம் தரும் 5476ஆம் படிவத்தில் தன் பெயரை எழுத மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். பிறகு கோப்பில் பொய் இருந்தால் அந்தப் பொய்க்குக் கையெழுத்து வைத்தவர் நீங்கள்தான்.

அத்தகைய ஒரு கோப்பை மொழிபெயர்ப்புச் சரிபார்க்க வந்த இடத்தில் கண்டேன். 5532இல், தோழியின் கலியாண வீட்டில் சந்தித்து இரண்டு ஆண்டு காதலித்தோம் என்று அழகான ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. எதிரே இருந்த பெண்ணிடம் கேட்டேன். முழித்தாள். அவளுடையது பேச்சுக் கலியாணம். சாதகம் பார்த்தது உப்புவெளியில் இருக்கும் மாமா. மாப்பிள்ளையை முதலில் பார்த்தது வட்ஸ்அப்பில். யாருடைய கதையையோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். காதல் கலியாணம் என்றால்தான் வெள்ளைக்காரன் நம்புவான் என்று அந்த முகவர் சொன்னாராம். பேச்சுக் கலியாணத்தைக் கனடா அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். சாதகம் பொருந்திய கதையை உள்ளபடி எழுதினாலே போதும். அன்று மாலை முழுவதும் அவளை வைத்து அந்தப் பகுதியை அடியிலிருந்து எழுதவைத்தேன். மொழிபெயர்ப்புக் கூலி மட்டுந்தான் வாங்கினேன் என்பதையும் சொல்லிவைக்கிறேன், 91ஆம் பிரிவு எனக்கும் உண்டல்லவா!

கனடாச் சட்டத்தரணி உண்மையானவரா என்று இங்கிருந்து எப்படிப் பார்ப்பது?

ஒன்ராறியோ என்றால் அந்த மாகாணச் சட்டச் சங்கத்தின் இணையத்தளத்தில் பெயரைத் தேடலாம். உரிமம் இருக்கிறதா, ஒழுக்காற்று நடவடிக்கை ஏதும் உண்டா என்பது தெரியும். ஆலோசகர் என்றால் கல்லூரியின் பொதுப் பதிவேடு. இது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் முகநூலில் நூறு பேர் பாராட்டியதைப் பார்த்துப் பணம் அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வருகிறது.

பிறகு பேசும்போது கேளுங்கள்: என் கோப்பை நீங்கள் பார்ப்பீர்களா, அலுவலகத்தில் வேறு யாராவதா? விளக்கக் கடிதம் வந்தால் பதில் எழுதுவது இந்தக் கட்டணத்துக்குள்ளா, தனியா? அனுப்புமுன் முழுப் பிரதியை இருவருக்கும் காட்டுவீர்களா? கடைசிக் கேள்விக்குத் தயங்கினால் எழுந்து வந்துவிடுங்கள். ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், பணத்துக்குப் பற்றுச்சீட்டு வேண்டும்.

தமிழ்ச் சட்டத்தரணிதான் வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். எழுத்து வேறு, தாலி வேறு என்பதை விளக்காமலே விளங்கிக்கொள்வார் என்பது ஒரு வசதி. உறவுக்காரரின் கூட்டாளி என்பதால் கேள்வி கேட்கக் கூச்சப்படுவீர்கள் என்பது இடைஞ்சல்.

"நூறு வீதம் எடுத்துத் தருவேன்" என்கிறாரே?

அவரை விட்டுவிடுங்கள். முடிவு எடுப்பது அதிகாரி.

முழுக் கட்டணம் கொடுக்க வசதியில்லை. பாதி வழி ஏதும் உண்டா?

உண்டு, பலருக்கும் நான் சொல்வது இதைத்தான். கோப்பை நீங்களே நிரப்பி முடித்துவிட்டு, ஒரு மணி நேரத்துக்கு மட்டும் சட்டத்தரணிக்குப் பணம் கொடுத்துப் பார்க்கச் சொல்லலாம். முழுக் கோப்புக்கு ஆயிரக்கணக்கில் டொலர் கேட்பவர்கள்கூட இதற்கு ஒத்துக்கொள்வார்கள். ஒன்ராறியோச் சட்டச் சங்கத்தின் பரிந்துரைச் சேவை வழியாகப் போனால் முதல் ஆலோசனை 30 நிமிடம்வரை இலவசம். மாப்பிள்ளை அங்கே இருப்பதால் அவரே கேட்க வேண்டும். போகுமுன் கேள்விகளைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். எழுதாமல் போனவர்கள் அரை மணித்தியாலத்தையும் கலியாண வீட்டுக் கதையில் கழித்துவிட்டு வருவதைக் கேட்டிருக்கிறேன்.

கட்டணத்தை யார் கொடுப்பது, பெண் வீட்டாரா மாப்பிள்ளை வீட்டாரா?

இதற்குச் சட்டம் இல்லை. ஆனால் சீதனப் பேச்சில் "லோயர் காசு" என்று ஒரு தொகை முளைத்தால், எந்தச் சட்டத்தரணி, என்ன பெயர், ஒப்பந்தம் எங்கே என்று பெண்ணின் தகப்பன் கேட்க வேண்டும்.

வரமுடியாததால் வீடியோ அழைப்பில் எழுத்து வைக்கலாமா?

கூடாது. 2015 ஜூன் 11 முதல், இருவரில் ஒருவராவது நேரில் இல்லாமல் பதிலாள் மூலமோ தொலைபேசி, இணையம் வழியோ செய்த கலியாணத்தைக் கனடாக் குடிவரவு ஏற்பதில்லை. எந்தச் சட்டத்தரணியும் இதைச் சுற்றிப் போக முடியாது. விமான டிக்கெட் எடுத்து வரச் சொல்லுங்கள்.

நேர்முகத்துக்குச் சட்டத்தரணி உதவுவாரா?

எல்லோரையும் அழைப்பதில்லை. அழைத்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். இரவு ரயிலில் கொழும்பு கோட்டைக்குப் போய் இறங்கி, தூக்கக் கண்ணோடு போகாதீர்கள். முதல் நாளே போய்த் தங்குங்கள். கணவர் என்ன வேலை செய்கிறார், யாருடன் இருக்கிறார், கலியாணத்துக்கு அவர் வீட்டிலிருந்து யார் வந்தார்கள், வரவில்லையென்றால் ஏன் என்பவைதான் கேட்கப்படுபவை. மனப்பாடம் செய்த பதில் மனப்பாடமாகவே ஒலிக்கும். கணவரின் வேலை நேரம் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம். தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்வதுதான் பிசகு.

மச்சானைக் கட்டியவர்கள் வெட்கப்பட்டு உறவை மறைக்கிறார்கள். கனடாவில் மச்சான் மச்சாள் கலியாணம் சட்டத்துக்கு உட்பட்டதுதான். சொல்லுங்கள்.

விசா மறுக்கப்பட்டுவிட்டது. இப்போது?

இப்போது சட்டத்தரணி வையுங்கள், உடனே. வெளியிலிருந்து விண்ணப்பித்த கணவன் மனைவி கோப்பு மறுக்கப்பட்டால், கனடாவில் உள்ள ஸ்பொன்சர் 30 நாளுக்குள் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகலாம். அங்கே புதிய சான்றுகளையும் வைக்கலாம், இருவரும் சாட்சி சொல்ல வேண்டிவரும். கலியாணம் உண்மையானதல்ல என்ற காரணத்தால் மறுத்திருந்தால், விசாரணையில் கேள்வி கேட்டுப் பழகிய ஒருவர் உங்கள் பக்கம் இருப்பது பெரிய வித்தியாசம். மறுப்புக் கடிதம் வந்த நாளைக் குறித்துவைத்து 30 எண்ணுங்கள். அழுது முடிக்கவே இரண்டு வாரம் போய்விடும்.

மனைவி ஏற்கெனவே கனடாவுக்குள் இருந்துகொண்டு உள்நாட்டுப் பிரிவில் விண்ணப்பித்திருந்தால் இந்த மேன்முறையீடு கிடையாது. எந்தப் பிரிவில் போடுவது என்று தொடக்கத்திலேயே யோசிக்க இது ஒரு காரணம்.

போய் இரண்டு ஆண்டு சேர்ந்து வாழாவிட்டால் திருப்பி அனுப்புவார்களாமே?

பழைய கதை. 2012 ஒக்டோபரில் அப்படி ஒரு நிபந்தனை வந்தது, 2017 ஏப்ரலில் எடுத்துவிட்டார்கள். அடித்தாலும் பொறுத்துக்கொண்டு இரண்டு ஆண்டு இரு என்று பெண்ணுக்குச் சொல்லி அனுப்பும் பெரியவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் நல்லது. ஸ்பொன்சரின் பொறுப்பேற்பு மட்டும், பிரிந்தாலும், 3 ஆண்டுக்குத் தொடரும்.

லண்டன், அவுஸ்திரேலியாவுக்கும் இதே பதில்தானா?

இல்லை. பிரித்தானியாவில் கணக்குத்தான் முக்கியம். 2024 ஏப்ரல் 11 முதல் புதிதாக விண்ணப்பிப்பவருக்கு ஆண்டுக்கு 29,000 பவுண் வருமானம் காட்ட வேண்டும். அதைச் சம்பளச் சீட்டும் வங்கிக் கூற்றும் ஒன்றோடொன்று பொருந்தும்படி காட்ட வேண்டும். மாதச் சம்பளக்காரர் தாங்களே செய்யலாம். சொந்தக் கடை வைத்திருப்பவரும் இரண்டு மூன்று வேலை செய்பவரும் ஆலோசனை எடுப்பது நல்லது. இங்கிருந்து போகிறவருக்குக் காசநோய்ப் பரிசோதனைச் சான்றிதழும் அடிப்படை ஆங்கிலத் தேர்வும் வேண்டும். ஆலோசகர் என்றால் சொலிசிட்டர் அல்லது குடிவரவு ஆலோசனை அதிகாரசபையில் பதிந்தவர்.

அவுஸ்திரேலியாவில் விண்ணப்பக் கட்டணமே 9,000 அவுஸ்திரேலிய டொலருக்கு மேல். மறுத்தால் அது திரும்பாது. அத்தனை பணம் போகும் இடத்தில் பதிவுபெற்ற குடிவரவு முகவரிடமோ சட்டத்தரணியிடமோ ஒருமுறை காட்டிவிட்டுப் போடுவது கஞ்சத்தனம் பார்க்க வேண்டிய செலவல்ல.

உங்களிடம் வரும்போது என்ன கொண்டுவர வேண்டும், ரீச்சர்?

மூலப் பத்திரங்கள், கடவுச்சீட்டு, நிரப்பிய படிவங்களின் பிரதி. படிவத்தைக் கேட்பது உங்கள் கதையை ஆராய அல்ல, பெயரின் எழுத்துக்கூட்டல் என் மொழிபெயர்ப்பிலும் படிவத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக. கலியாண வீட்டுப் படங்களை ஆல்பத்தோடு தூக்கி வராதீர்கள். கனடாப் பட்டியல் அதிகபட்சம் 20 படம் என்கிறது.

இன்னொன்று: விண்ணப்பிப்பவரின் குடும்பத்தவர் மொழிபெயர்த்தால் கனடா ஏற்காது, மொழிபெயர்ப்பாளர் தொழிலே அவருடையதாக இருந்தாலும். அந்தத் தடை ஒன்றுவிட்ட சகோதரர்வரை நீள்கிறது. என் தங்கையின் மகள் போன ஆண்டு தன் விவாகச் சான்றிதழோடு வந்தாள், பெரியம்மாவிடம் இலவசமாகச் செய்துகொள்ளலாம் என்று. தேநீர் கொடுத்து, நீதிமன்ற வீதியில் இருக்கும் வேறொருவரிடம் அனுப்பிவைத்தேன். இன்னும் முகத்தை நீட்டிக்கொண்டுதான் இருக்கிறாள்.